கோடை உழவு: வெயிலில் மண் காய வேண்டுமா, காயக் கூடாதா?

விளாத்திகுளம் மருமகள்:

வணக்கம். எங்களுக்கு விளாத்திகுளம் பக்கம் கரிசல் காடு. கிணறு இல்லை, ஆழ்குழாய் போட்டவர்களுக்கு உப்புத் தண்ணீர்தான் வந்தது. ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளம், உளுந்து, ஓரமாகக் கொஞ்சம் கொத்தமல்லி போடுகிறோம். இந்த வருடம் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. நடுவில் நான் அகப்பட்டுக்கொண்டேன்.

மாமனார் கட்சி: கோடை மழை ஈரத்தில் ஒரு உழவு போட்டு, மண்ணைப் புரட்டி, அக்கினி நட்சத்திரம் முழுக்கக் காயவிட வேண்டும். காய்ந்த மண்தான் விளையும் என்பார். மறுத்துப் பேசினால் 1037ஆம் குறளை எடுத்துவிடுவார். ஒரு பலம் புழுதி கால் பலமாகும் அளவுக்குக் காயவிட்டால் ஒரு பிடி எருகூட இல்லாமல் விளையும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கும்போது நான் எங்கே வாயைத் திறப்பது? 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்ததிலிருந்து வேளாண்மைத் துறையும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. புழுவின் கூட்டுப்புழு மேல்மண்ணில்தான் கிடக்கிறது, உழுது வெயிலில் போடுங்கள் என்கிறார்கள்.

வீட்டுக்காரர் கட்சி: அவர் இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் போய் வந்தவர். மண்ணில் ஒரு பொட்டு வெயில் படக் கூடாது, 45 டிகிரியைத் தாண்டினால் நுண்ணுயிர் மொத்தமும் செத்துவிடும், உழுது காயப்போடுவது கருவறுப்பதற்குச் சமம் என்கிறார். அலைபேசியில் ஒரு காணொளியும் வைத்திருக்கிறார்.

நான் சண்டையில் சேராமல், உரக்குழிக்கு வாங்கிய கம்பி வெப்பமானியை எடுத்துக்கொண்டு உழுத காட்டுக்குப் போனேன். சித்திரை வெயில், பிற்பகல் 2 மணி. மேல் தூசியில் கம்பியைப் படுக்க வைத்துப் புழுதியால் மூடினேன்: 61 டிகிரி. இரண்டு அங்குலத்தில் 48. அரை அடியில் 39. ஒரு அடியில் 36. வேலியோரம் போன வருடத்துச் சோளத்தட்டை குவிந்து கிடந்த இடத்தில் அதே இரண்டு அங்குலத்தில் 37தான். எல்லாம் செல்சியஸ்.

48 டிகிரியில் நிஜமாகவே எல்லாம் செத்துவிடுமா? அப்படியானால் எங்கள் ஊரில் எந்த நிலத்திலும் உயிரே இருக்கக் கூடாதே. இன்னொன்றும் கேட்க வேண்டும். உளுந்தை ரைசோபியத்தில் (பயறு வேரில் முடிச்சு வைத்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொடுக்கும் பாக்டீரியா) நேர்த்தி செய்து, மழைக்கு முன்பே புரட்டாசியில் காய்ந்த மண்ணில் விதைத்துவிடுகிறோம். மழை சில வருடம் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அந்தச் சூட்டில் ரைசோபியம் உயிரோடு இருக்குமா, அல்லது பொட்டலக் காசு வீணா?

பழைய மண் பரிசோதகர்:

அம்மா, முதலில் அந்த அளவுகளுக்காக உங்களைப் பாராட்ட வேண்டும். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் காணொளியோடு வருவார்கள். நீங்கள் வெப்பமானியோடு வந்திருக்கிறீர்கள். நான் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கரிசல் மண் நகக்கண்ணில் ஏறாத நாள் கிடையாது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாதி பதில் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. 61இல் தொடங்கிய சூடு ஒரு அடி இறங்குவதற்குள் 36 ஆகிவிட்டது. காய்ந்த மண் சூட்டைக் கீழே விடாது. மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று தடுத்துவிடும். அப்படிக் கீழே போகிற சூடும் உடனே போவதில்லை. நீங்கள் 2 மணிக்குப் பார்த்தது மேல்மண்ணின் உச்சம். அரை அடி ஆழத்தின் உச்சம் விளக்கு வைத்த பிறகுதான் வரும். முடிந்தால் இரவு 7 மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். அரை அடியில் கூடியிருக்கும், இரண்டு அங்குலத்தில் இறங்கியிருக்கும்.

இப்போது சாவு விஷயத்துக்கு வருவோம். விளைநிலத்தில் இருக்கிற பாக்டீரியாவிலும் பூஞ்சையிலும் பெரும்பாலானவற்றுக்கு 25 முதல் 35 டிகிரிதான் சௌகரியம். அதுவரை 10 டிகிரி கூடும்போதெல்லாம் அவற்றின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 40ஐத் தாண்டினால் பலவற்றுக்கு வேலை ஓடாது. ஆனால் வேலை நிற்பதும் உயிர் போவதும் ஒன்றல்ல. இங்கேதான் உங்கள் வீட்டுக்காரரின் காணொளி வழுக்குகிறது. 45 என்று ஒரு எண்ணைச் சொன்னவர், அது ஈர மண்ணிலா காய்ந்த மண்ணிலா என்று சொல்லவில்லை. விதைநெல்லைக் களத்தில் வெயிலில் காயப்போட்டால் முளைப்புப் போகாது. அதே நெல்லை ஊறவைத்து அவித்துப் பாருங்கள், ஒன்றுகூட முளைக்காது. நுண்ணுயிருக்கும் அப்படித்தான். ஈரத்தோடு சேர்ந்த சூடு கொல்லும். காய்ந்த மண்ணில் அவை சூடு ஏறுவதற்கு முன்பே அடங்கி உறங்கிவிட்டிருக்கும்.

எல்லாம் ஒரே மாதிரி உறங்குவதில்லை என்பதும் உண்மை. பேசில்லஸ் என்ற பாக்டீரியா இனம் கடினமான உறை கொண்ட வித்துக்குள் புகுந்துகொள்ளும். ஆய்வகத்தில் அதைப் பிரித்தெடுக்க மண் கரைசலை 80 டிகிரியில் பத்து நிமிடம் வைப்போம். மற்றவை போய்விடும், அது மட்டும் பிழைத்து வரும். உங்கள் 61 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற பாக்டீரியாவும் வித்துகளாகக் கிடந்து கோடையைத் தாண்டும். முதல் மழையில் மண் மணக்கிறதே, அந்த வாசனைப் பொருளைச் செய்கிறவை அவைதான். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் வேறு ரகம். அதற்கு வித்து கிடையாது, 41 டிகிரியில் வளரவே வளராது. உழுத காட்டின் மேல் இரண்டு அங்குலத்தில் அதைப் போன்றவை கணிசமாகச் சாகும் என்பதை நான் மறுக்கவில்லை. கீழே இருப்பவையும், மண்கட்டிகளுக்கு உள்ளே இருப்பவையும், வேர்த்தூரில் ஒட்டியவையும் மழை வந்ததும் மறுபடி மேலே பெருகிவிடும்.

அடுத்து மாமனாரின் குறள். அவருக்குத் துணையாக ஒரு சாட்சியைக் கொண்டுவருகிறேன். கென்யாவில் பர்ச் என்ற மண் ஆய்வாளர், காய்ந்த மண்ணை நனைத்தால் என்ன ஆகிறது என்று அளந்து 1958இல் எழுதினார். நனைந்த சில மணி நேரத்திலேயே மண்ணிலிருந்து கரியமில வாயு பீறிட்டுக் கிளம்புகிறது, கூடவே பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) வெளியாகிறது. மண் எவ்வளவு நன்றாகக் காய்ந்திருந்ததோ அவ்வளவுக்கு அந்தப் பொங்கலும் பெரியது. காரணம் இதுதான். மண் காய்ந்ததில் ஒரு பகுதி நுண்ணுயிர் செத்துக் கிடக்கிறது. மண்கட்டிகள் உடைந்து, உள்ளே ஒளிந்திருந்த மக்கு, அதாவது மக்கிய தழையும் வேரும் எருவும், வெளியே வந்திருக்கிறது. மழை விழுந்ததும் பிழைத்தவை இரண்டையும் தின்று பெருகுகின்றன. மிஞ்சிய தழைச்சத்து பயிருக்கு. ஒரு பிடி எரு இல்லாமலே விளைந்ததன் சூட்சுமம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் மாமனாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். எரு போடாமல் விளைந்த அந்தத் தழைச்சத்து எங்கிருந்து வந்தது? மண்ணில் ஏற்கெனவே இருந்த மக்கிலிருந்துதான். வள்ளுவர் காலத்து மண்ணில் மக்கு எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. நம் மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதை நான் அளந்திருக்கிறேன். மக்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று மண் பரிசோதனை அட்டையில் எழுதுவோம். எங்கள் மேசைக்கு வந்த கரிசல் மாதிரிகளில் அதைத் தாண்டிய ஒன்றைக் கண்டால் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். வருடா வருடம் காயவைத்துப் பொங்கவிட்டு, தட்டையையும் மாட்டுக்குக் கொடுத்து, எருவையும் விற்றுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

அதனால் என் கணக்கில் கோடை வெயிலைவிடக் கோடை மழைக்கு அடுத்த வாரம்தான் முக்கியம். காய்ந்த சித்திரையில் மக்கு எரிவதில்லை. அதைத் தின்ன ஆளில்லை. மழை பெய்து, மண் 32, 33 டிகிரியில் ஈரத்தோடு இருக்கும் அந்த வாரத்தில்தான் மக்கு கரையும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் நுண்ணுயிருக்குச் சாவைவிடப் பெரிய ஆபத்து பசி. இவ்வளவு வேகத்தில் ஓடினால் இருக்கிற தீனி சீக்கிரம் தீரும். நம் சமவெளி மண்ணை வறுமையாக்கியது வெயில் கொன்ற கணக்கைவிட இந்தத் தீனிக் கணக்குத்தான் என்பேன்.

இடையில் ஒன்று. உங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் ஆட்டுக்கிடை போடுவார்கள். கிடை எழுந்த காலையில் அந்தக் காட்டில் நின்றால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். ஆட்டுமூத்திரத்தின் தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் போகும் நெடி அது. மூத்திரத்தைச் சிதைக்கும் நொதி சூட்டில் இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். அந்த அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றிப் பிடித்துவைக்க வேண்டிய நைட்ரோசோமோனாஸ் வகையறா 40 டிகிரிக்கு மேல் சோர்ந்துவிடும். கரிசலோ காரத்தன்மை உடையது, அதுவும் சேர்ந்து விரட்டும். கிடை எழுந்த அன்றே மேலாக ஒரு உழவு ஓட்டி மூடிவிடுங்கள். கிடைக்காரருக்குக் கொடுத்த பணத்தில் பாதியாவது நிலத்தில் தங்கும்.

ரைசோபியத்துக்கு நாளை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

உதகை மலைத்தோட்டம்:

அக்கா, நாங்கள் இதற்கு நேர் எதிர்முனையில் இருக்கிறோம். உங்களுக்கு ஆண்டுச் சராசரி 28, 29 இருக்கும்; உதகைக்கு 14, 15தான். பரிசோதகர் ஐயா சொன்ன கணக்குப்படி எங்கள் மண்ணில் நுண்ணுயிர் உங்கள் மண்ணில் ஓடுவதில் பாதி வேகம்கூட ஓடாது. அதனால்தான் எங்கள் தோட்டத்து மண் கையில் எடுத்தால் காப்பித்தூள் மாதிரி கறுத்துப் பொலபொலவென்று இருக்கிறது. எங்களுக்கு வரும் மண் அட்டையில் கரிமம் 3 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். இதைக் கேட்டுப் பொறாமைப்பட வேண்டாம். இருப்பதெல்லாம் பூட்டிவைத்த சத்து. பயிருக்கு வேண்டிய நேரத்தில் வராது.

மார்கழி, தையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாக நிற்கும். அப்போதும் கால் அடி ஆழத்தில் 12 டிகிரி இருக்கும், ஆகவே மண்ணில் யாரும் சாகவில்லை. ஆனால் கோழி எரு போட்டு ஒரு மாதம் ஆகியும் கேரட் இலை வெளிறியே நிற்கும். நைட்ரேட் ஆக்குகிற பாக்டீரியாவுக்குக் குளிர் ஆகாது. 5 டிகிரிக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட நின்றேவிடும். சமவெளியிலிருந்து வந்து இங்கே குத்தகைக்கு எடுப்பவர்கள் எரு வேலை செய்யவில்லை என்று மறுபடியும் கொட்டுவார்கள். மாசியில் வெயில் ஏறியதும் இரண்டு தவணையும் ஒன்றாக இறங்கும், கேரட் கிழங்கு பிளந்துபோகும், மிச்சம் மழையோடு ஓடைக்குப் போகும். நாங்கள் எருவை ஐப்பசிக்குள்ளேயே போட்டுக் கிளறிவிடுகிறோம்.

உங்கள் வீட்டில் நடக்கும் சண்டையை எங்கள் மாமியார் கேட்டால், எடுத்துப்போக இரண்டு லாரி வெயில் கிடைக்குமா என்பார்.

தாராபுரம் நாற்றங்கால்:

நாங்கள் வெயிலை வைத்தே பிழைப்பவர்கள், அதனால் நானும் ஒரு வார்த்தை. தக்காளி, மிளகாய் நாற்று வளர்த்து விற்கிறோம். சித்திரையில் பாத்தியை நன்றாக நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலிதீன் விரிப்பால் மூடி, ஓரங்களை மண் போட்டு இறுக்கி, நாலு முதல் ஆறு வாரம் விட்டுவிடுவோம். இஸ்ரேலில் கட்டான் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 1976இல் எழுதிக்காட்டிய முறை இது. கறுப்பு விரிப்பு வேண்டாம். விரிப்புதான் சூடாகும், மண் அந்த அளவுக்குச் சூடாகாது. பரிசோதகர் ஐயா சொன்ன ஈரச் சூட்டை நாங்கள் வேண்டுமென்றே உண்டாக்குகிறோம். நாற்றழுகல் பூஞ்சை, வாடல் நோய்ப் பூஞ்சை, நூற்புழு எல்லாம் மேல் அரை அடியில் பெருமளவு குறைந்துவிடும். கோரைக்கிழங்கு மட்டும் சிரித்துக்கொண்டே எழுந்து வரும்.

இதில் நல்லது கெட்டது என்று வெயில் பார்ப்பதில்லை. விரிப்பை எடுத்த பாத்தியில் பேசில்லஸ் மிஞ்சும், மென்மையானவை போயிருக்கும். காலியான இடத்தில் முதலில் யார் குடியேறுகிறார்களோ அவர்கள்தான் அப்புறம் அந்தப் பாத்திக்குச் சொந்தக்காரர். அதனால் விரிப்பை எடுத்து, மண் ஆறி, 30 டிகிரிக்கு வந்த பிறகு நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையை மக்கிய தொழுஉரத்தில் பெருக்கிப் போடுகிறோம். அதற்கு 25 முதல் 30 வரைதான் பிடிக்கும். சூடான மண்ணில் பகல் 12 மணிக்குக் கொட்டிவிட்டு மருந்து சரியில்லை என்று திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஒரு எச்சரிக்கை. மானாவாரி உளுந்தில் வேர் அழுகல் கொண்டுவரும் மேக்ரோஃபோமினா பூஞ்சைக்கு வெயிலும் வறட்சியும் கொண்டாட்டம். காய்ந்த சூட்டில் அதன் கரித்தூள் போன்ற நுண்ணிய உறக்கமுடிச்சுகள் அசையாமல் கிடக்கும். கோடை உழவு எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அக்கா.

விளாத்திகுளம் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. பரிசோதகர் அண்ணாச்சி சொன்னபடி நேற்று இரவு 7 மணிக்குப் போனேன். மாமனாரும் கூட வந்தார், பாம்பு இருக்கும் என்று கைவிளக்கோடு. இரண்டு அங்குலத்தில் 48 இருந்தது 39 ஆகியிருந்தது. அரை அடியில் 39 இருந்தது 42. மேலே ஆறும்போது கீழே ஏறுகிறது. மாமனார் கம்பியை வாங்கித் தானே குத்திப் பார்த்தார். பிறகு ஒரு மண்கட்டியைப் புரட்டி அதன் அடியில் குத்தினார், அங்கே இன்னும் குறைவு. கட்டியாக உழ வேண்டும், புழுதியாக உழக் கூடாது என்று இதைத்தானே நான் சொல்கிறேன் என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இருக்கட்டும்.

வீட்டுக்காரர் இன்னும் இறங்கி வரவில்லை. மூடாக்கு போட்ட இடத்தில் 37தானே, அப்படியானால் முழுக் காட்டையும் மூடுவோம் என்கிறார். ஐந்து ஏக்கருக்குத் தட்டை எங்கே? வீட்டில் இரண்டு கறவை மாடு இருக்கிறது, அவை அவரைக் கேட்டா தின்னும்?

ரைசோபியத்துக்குக் காத்திருக்கிறேன், அண்ணாச்சி.

பழைய மண் பரிசோதகர்:

42 என்றதும் எனக்குச் சந்தோஷம். சொன்னதைப் போய் அளந்து பார்ப்பவர்கள் குறைவு.

ரைசோபியத்துக்கு வித்து கிடையாது. பல ரகங்கள் 37 டிகிரிக்கு மேல் பெருகாது. ஆனால் நீங்கள் செய்யும் முன்பருவ விதைப்பில் அதைக் கொல்வது சூட்டைவிட ஈரமில்லாமல் காய்ந்துபோவதுதான். விதைத்தோலின் மேல் கஞ்சியில் ஒட்டி, நிழலில் உலர்த்தி, காய்ந்த கரிசலில் போட்டு, மழை இரண்டு வாரம் தள்ளிப்போனால் விதை பிழைக்கும். மேலே ஒட்டியதில் பெரும்பகுதி பிழைக்காது. ஆக அந்தப் பொட்டலக் காசு வீண் என்றுதான் சொல்வேன். மழை நிச்சயம் என்ற நிலையில் ஈர விதைப்புச் செய்கிறவர்களுக்கு விதைநேர்த்தி சரி. உங்களுக்கு அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது: விதையைச் சும்மா விதையுங்கள். மழை இறங்கி, முளைப்பு தெரிந்து, மண் ஈரமாக இருக்கும் ஒரு மாலையில் ரைசோபியத்தைத் தொழுஉரத்தில் கலந்து சால் ஓரமாகத் தூவி, களைக்கொத்தியால் லேசாகக் கிளறிவிடுங்கள். எக்டருக்கு 2 கிலோ நுண்ணுயிர் உரம், 25 கிலோ தொழுஉரம், 25 கிலோ மண் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. உங்கள் ஐந்து ஏக்கருக்கு அதைப் போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் மேகமூட்டத்தில் இரண்டு அங்குலத்து மண் 28, 30க்கு வந்துவிடும், அதற்கு அதுதான் பிடித்த இடம்.

பொட்டலத்தை எங்கே வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். தகரக் கூரையின் கீழ், சாக்குகளின் மேல், ஜன்னல் வெயிலில் அடுக்கியிருந்தால் காலாவதித் தேதி அடுத்த வருடம் இருந்தாலும் வாங்காதீர்கள். பொட்டலத்துக்குள் ஈரம் இருக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று முன்பே பேசிவிட்டோம். உங்கள் காட்டில் நடக்காத கொலை அந்தக் கடையில் நடந்திருக்கும்.

இதற்காக உளுந்தில் வேர்முடிச்சே வராது என்று பயப்பட வேண்டாம். உங்கள் நிலத்தில் பரம்பரையாக இருக்கிற ரைசோபியம் வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவின் மணல் நிலங்களில் முதல் வருடம் நன்றாக வந்த குளோவர் தீவனப்பயிர், கோடை தாண்டியதும் இரண்டாம் வருடம் முடிச்சு பிடிக்காமல் செத்தது. மார்ஷல் என்பவர் 1964இல் அதை ஆராய்ந்தார். மணலில் இருந்த ரைசோபியம் கோடைச் சூட்டில் அழிந்துவிட்டது. அதே மணலில் மாண்ட்மோரில்லோனைட் களியைக் கலந்தபோது காய்ந்த நிலையில் கடும் சூட்டையும் தாங்கிப் பிழைத்தது. நம் கரிசல் வீங்குவதும் வெடிப்பதும் அந்தக் களியால்தான். பஸ் டயரில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிற அதே களி ரைசோபியத்துக்குக் கவசம். அடுத்த பூப்பருவத்தில் நாலு உளுந்துச் செடியை மண்ணோடு தோண்டி, வேரைத் தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ஊர் ரைசோபியமே வேலை செய்கிறது, பொட்டலம் தேவையில்லை. பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் வாங்குங்கள்.

உழவுக்கு வருகிறேன். படைப்புழு இருக்கிற காட்டில் கோடை மழை ஈரத்தில் ஒரு உழவு நியாயம். கட்டி கட்டியாகப் பெயர்த்தால் போதும். சுழல்கலப்பை வேண்டாம். அது மண்ணை மாவாக்கி, கட்டிக்குள் ஒளிந்திருக்கும் மக்கையும் உயிரையும் ஒன்றாக வெளியே இழுத்துப் போடும். ஆடிக்காற்றில் மேல்மண் அடுத்த காட்டுக்குப் போகும். இரண்டாவது, மூன்றாவது உழவு எதற்கு என்று மாமனாரிடம் கேளுங்கள். களை வரட்டும், அப்போது பார்ப்போம்.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: முழுக் காட்டுக்கும் மூடாக்கு நம் மானாவாரியில் நடக்காது. ஆனால் மக்காச்சோளத்தைத் தூரோடு பிடுங்காமல் ஒரு முழம் விட்டு அறுக்கலாம். அடித்தட்டை மாட்டுக்கு எப்படியும் ருசிக்காது. வேரும் அடித்தட்டையும் நிலத்திலேயே கிடந்து மக்கட்டும். கொத்தமல்லித் துண்டில் மட்டும் அவர் சொல்வது போல் மூடிப் பார்க்கட்டும். மழைக் காலத்தில் நுண்ணுயிருக்குத் தீனி வேண்டும் என்ற விஷயத்தில் நான் முழுக்க அவர் கட்சி. வெயில் பட்டாலே சாகும் என்ற விஷயத்தில் இல்லை.

உதகை மலைத்தோட்டம்:

ஐயா, ஒரு சந்தேகம். அப்படியானால் இங்கே வெப்பம் வருடத்துக்கு வருடம் ஏறினால் எங்கள் 3 சதவீதமும் உங்கள் 0.5 ஆகிவிடுமா?

பழைய மண் பரிசோதகர்:

ஒரே நாளில் ஆகாது. மலை மண்ணின் அமிலத்தன்மையும் அதிலுள்ள அலுமினியமும் இரும்பும் மக்கைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. குளிர் மட்டுமே காவல் இல்லை. ஆனால் வருடத்துக்கு மூன்று போகம் கேரட், சரிவில் ஆழ உழவு, மேல்மண் ஓடைக்கு, கூடவே வெப்பம் என்றால் எந்தக் காவலும் நிற்காது. சரிவுக்குக் குறுக்கே பாத்தி போடுகிறீர்களா, நேராகவா?

உதகை மலைத்தோட்டம்:

நேராகத்தான். எல்லோரும் அப்படித்தான்.

பழைய மண் பரிசோதகர்:

அதற்கு ஒரு தனிச் சண்டை போட வேண்டும். வேறு தலைப்பில் தொடங்குங்கள், வருகிறேன்.

விளாத்திகுளம் மருமகள்:

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு கட்சிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் தாங்கள் ஜெயித்ததாக நினைக்கிறார்கள். உழுத காடு, தட்டை விட்ட காடு, மூடாக்குப் போட்ட துண்டு, இந்த மூன்றில் எங்கே நுண்ணுயிர் நன்றாக வேலை செய்கிறது என்று ஆய்வகத்துக்குப் போகாமல் பார்க்க ஏதாவது வழி உண்டா?

பழைய மண் பரிசோதகர்:

உண்டு. வெள்ளைப் பருத்தித் துணியை ஒரே அளவில் வெட்டி, ஐப்பசி மழை இறங்கியதும் மூன்று இடத்திலும் அரை அடி ஆழத்தில் புதைத்து, பக்கத்தில் குச்சி நட்டு வையுங்கள். தையில் தோண்டி எடுங்கள். எங்கே அதிகம் இற்றுப்போயிருக்கிறதோ அங்கே தின்றவர்கள் அதிகம். மூன்றுக்கும் ஒரே துணியாக இருக்க வேண்டும். மாமனாரின் பழைய வேட்டி கிடைத்தால் நல்லது. பாலியஸ்டர் கலந்த வேட்டியா என்று முதலில் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். உருகி உருண்டையானால் வேண்டாம். அதை எந்த மண்ணும் தின்னாது.